முதுகுவலி, மிதமானது

அந்தக் கம்பெனியில் இயக்குநர் குழு கூடினால் மாடியில் பேசுவது வாசல் காவலாளிக்குக் கேட்கும். ஒரு தடவை இரண்டு இயக்குநர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் ஜாடி ஒன்று ஜன்னல் வழியாகப் புறப்பட்டு, கீழே நின்றிருந்த தலைவரின் கார்மேல் போய் இறங்கியது. தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கூட்டக் குறிப்பில் அந்த யுத்தம் முழுவதும் ஒரே வரியில் அடங்கியிருந்தது: ‘இப்பொருள் குறித்து உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர்.’

அந்த வரியை எழுதியவர்தான் நம் ஆள். கூட்டங்களில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவது அவர் உத்தியோகம். கூச்சல், கெஞ்சல், குத்தல், கண்ணீர் எல்லாம் ஒரு பக்கம் உள்ளே போகும். மறுபக்கம் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று வெளியே வரும். கரும்பு மெஷினில்கூடச் சக்கையாவது தனியாக வந்து விழும். இவரிடம் அதுவும் வராது. ஊழியர்கள் அவருக்கு ‘சுருக்கம்’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற அன்று ஆளாளுக்கு அவரைப் பற்றிக் கால் மணி நேரம் பேச, அவர் எழுந்து ‘நன்றி’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அந்தப் பேச்சைவிட நீளமாக இருந்தது.

பேச்சைக் குறைத்தால் அறிவு கூடும் என்பது அவர் சித்தாந்தம். அறிவு கூடியதா என்பது பற்றித் தகவல் இல்லை. பேச்சு குறைந்தது நிச்சயம். குறிப்பாக, அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுடைய பேச்சு.

பக்கத்தில் இருந்தவர்களில் முதல் ஆள் மனைவி. ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்திய மூன்று விஷயங்களையும் சொல்லியாக வேண்டும் என்று பிறந்த பெண். தக்காளி விலை ஏறிவிட்டது என்ற செய்தி அவளிடமிருந்து வரும்போது கடைக்காரரின் மருமகள், அவளுக்குப் பிறந்த குழந்தை, அதன் காதில் இருக்கும் மச்சம் எல்லாம் கூடவே வரும்.

“விஷயத்துக்கு வா” என்பார் சுருக்கம்.

“அதுக்குத்தாங்க வந்துக்கிட்டிருக்கேன்.”

“நடந்து வராதே. பஸ்ஸைப் பிடிச்சு வா.”

வருஷக்கணக்கில் இப்படித் துரத்தியதில் அவளும் பஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவர் எதிரில் விஷயம் மட்டும். மிச்சத்தையெல்லாம் போனில் தங்கையிடம் கொட்டுவாள். தங்கை கிடைக்காத நாட்களில் அடுப்படியில் பாத்திரங்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும்.

ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளால் பஸ் பிடிக்க முடிந்ததே இல்லை. பல் என்றால் விண்விண்ணென்று தெறிக்கும். கால் என்றால் உளையும். முழங்கால் கடுக்கும், தோள்பட்டை இழுக்கும், கண் கரிக்கும், வயிறு பிசையும், சில நாள் வெறுமனே ‘என்னவோ பண்ணும்’. இந்த ‘என்னவோ பண்ணுது’தான் சுருக்கத்துக்கு அறவே ஆகாத வாக்கியம். எழுவாய் தெரியாது, செயல் தெரியாது, இதை எப்படிக் குறிப்பில் ஏற்றுவது?

“வலிக்குதுன்னு சொல்லு. முடிஞ்சுது.”

“வலிக்குதுன்னா எந்த வலின்னு கேப்பாங்களே?”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

இதில் அவர் சொன்னது சரிதான். யாரும் கேட்கவில்லை.

தெருமுனை டாக்டர் அந்தக் குடும்பத்துக்கு வெகுகாலப் பழக்கம். நோயாளி உள்ளே வந்து உட்காருவதற்குள் மருந்துச் சீட்டில் பாதியை எழுதி முடித்துவிடும் அளவுக்கு அனுபவஸ்தர். ‘சொல்லுங்க’ என்பார், அது கேள்வி மாதிரி இருக்காது, எழுந்து போகச் சொல்வது மாதிரி இருக்கும். அவருக்கும் சுருக்கத்துக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு தடவை டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சில் காத்திருக்கும்போது மனைவி சொன்னாள்: “இது எப்படி இருக்குன்னா, முதுகுலதான், ஆனா முதுகுல ஆரம்பிக்கலைங்க. முன்னால வயித்துக்கு மேல ஆரம்பிச்சு, யாரோ துரப்பணம் வச்சுத் துளைக்கற மாதிரி பின்னால போய் வெளிய வருது. சாப்ட்டா ஜாஸ்தி. படுத்தா ஆகவே ஆகாது. தலகாணிய மடியில வச்சுக்கிட்டு முன்னால குனிஞ்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் விடுது. அன்னிக்கு பக்கத்து வீட்டம்மா வந்தாங்க பாருங்க, அவங்க வந்தப்ப நான் அப்படித்தான் குனிஞ்சு உக்காந்திருந்தேன், என்னடி எதையாவது தொலைச்சிட்டியான்னு கேட்டாங்க…”

“பக்கத்து வீட்டம்மாவை டாக்டர்கிட்ட கொண்டுபோகாதே. அவருக்கு மூணு விஷயம் போதும். எங்கே, எவ்வளவு, எப்பலேர்ந்து.”

“அதைத்தானே சொல்றேன்.”

“நீ பேசாம இரு. நான் சொல்லிக்கறேன்.”

உள்ளே போனார்கள். டாக்டர் ‘சொல்லுங்க’ என்றார்.

“முதுகுவலி, டாக்டர். மிதமானது. சில வாரமா.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். நாள் முழுக்கக் கதை கேட்டுச் சலித்த முகத்தில் ஒரு வெளிச்சம். “எல்லாரும் இப்படிச் சொன்னா நான் சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்குப் போவேன், சார்.”

சுருக்கம் அந்தப் பாராட்டை வெகு நாள் மனதில் வைத்திருந்தார். மனைவி வாயைத் திறந்து, “அது முன்னாலேர்ந்து…” என்று தொடங்கினாள். டாக்டர் அதற்குள் அடுத்த ஆளுக்கு மணியை அடித்துவிட்டார். தடவ ஒரு தைலம், போட ஒரு மாத்திரை, செய்ய நாலு பயிற்சி. குனியக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு வேறு.

குனிவது ஒன்றுதான் அவளுக்கு இருந்த மருந்து. கணவர் எதிரில் இருக்கும்போது அதையும் நிறுத்தினாள். டாக்டர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் பக்கத்தில் நின்று அவள் முதுகை நிமிர்த்தினார். அக்கறை இல்லாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. தைலத்தை அவரே தேய்த்துவிட்டார். வீடே தைல வாசனை. மாத்திரை நேரம் தப்பாமல் எடுத்துக் கொடுத்தார். தீர்மானம் நிறைவேற்றப்பட்டுவிட்டால் அதை ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் அல்லவா?

மறுபடி போனார்கள், மறுபடி அதே முதுகுவலி, மிதமானது, தைலத்தின் நிறம் மட்டும் மாறியது. அவள் இளைத்தாள். பார்த்தவர்கள், “என்ன பண்றீங்க, எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்று பொறாமைப்பட்டார்கள். அவள் சிரித்துச் சமாளித்தாள். பயிற்சியின் பலன் என்று சுருக்கம் எல்லோருக்கும் தெரிவித்தார்.

கடைசியில் கண்டுபிடித்தது அவள் தங்கை. ஊரிலிருந்து வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“மாமா, இங்க வாங்க. இவ கண்ணைப் பாருங்க.”

“என்ன?”

“என்னவா? மஞ்சள். நீங்க வீட்டுல கண்ணாடி போட்டுக்கறது பேப்பர் பாக்கறதுக்கு மட்டும்தானா?”

மைத்துனிக்கு அவரிடம் பயம் கிடையாது. அவர் ஒற்றைச் சொல்லில் பேசினால் இவள் ஓர் அத்தியாயமாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்று அத்தியாயம் எதுவும் இல்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தது இளவயது டாக்டரம்மா. அவர்கள் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். மேஜைக்குப் பின்னாலிருந்து நாற்காலியை இழுத்துவந்து நோயாளிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். சுருக்கம் தொண்டையைச் செருமினார்.

“முதுகு…”

“சார், நீங்க கொஞ்சம் இருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. என்ன செய்யுது உங்களுக்கு?”

மனைவி கணவனைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: “முதுகுவலி. மிதமானது. சில மாசமா.”

மைத்துனி தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சுருக்கத்துக்கு அந்தக் கணத்தில் முதலில் தோன்றியது பெருமைதான். அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? தயாரித்து அனுப்பிய மாணவி மேடையில் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டாள். அந்தப் பெருமை அடுத்த கேள்வி வரும்வரை இருந்தது.

“மிதம்னா எப்படிம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவசரமே இல்லை.”

‘அவசரமே இல்லை’ என்று அவளிடம் யாரும் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முதலில் நம்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முன்னால் ஆரம்பிப்பது, துரப்பணம், சாப்பாட்டுக்குப் பிறகு, படுத்தால் ஆகாதது, தலையணை, குனிந்தால் விடுவது, பக்கத்து வீட்டம்மா தொலைத்ததைத் தேடுகிறாயா என்று கேட்டது. டாக்டரம்மா எழுதியபடி ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தாள். துளைப்பதும் குனிந்தால் விடுவதும் வந்தபோது அந்த ‘ம்’ நின்றுவிட்டது. அவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

சுருக்கம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவதற்கு முக்கியமான இடம் வரும்போது எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்து அவர் அதுவரை பார்த்ததில்லை.

பரிசோதனைகள் முடிந்து, வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் என்ன வளர்ந்திருக்கிறது, அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்தபோது, அவர் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்க்கப் போனார்.

“சுருக்கமா ஒண்ணு கேக்கறேன். முதல்லயே அவ சொன்னதை அப்படியே அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா, பொழைச்சிருப்பாளா?”

டாக்டரம்மா பேசினாள். கணையம் ஒளிந்திருக்கும் உறுப்பு என்றாள். பலருக்கு வலி வரும்போதே காலம் கடந்திருக்கும் என்றாள். சிலருக்கு அப்படி இல்லை என்றாள். சீக்கிரம் தெரிந்து அறுவை செய்தவர்களிலும் இப்படியும் உண்டு, அப்படியும் உண்டு என்றாள். கனிவாகத்தான் சொன்னாள், நிறையச் சொன்னாள்.

“ஆமாவா, இல்லையா?”

“அப்படி ஒரு வார்த்தையில சொல்ல முடியாது, சார்.”

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் விடிய விடியப் பேசியதிலிருந்து தீர்மானத்தை உருவி எடுத்தவர். இதிலிருந்து எதையும் உருவ முடியவில்லை. எழுந்து, கதவுக்குப் பதில் பீரோவைத் திறக்கப் போனார். டாக்டரம்மா வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று, ஆஸ்பத்திரியின் பின்கட்டில் தோட்டத்தைப் பார்த்த அறை ஒன்றில் அவளைச் சேர்த்தார்கள். அங்கே வலியை எண்ணால் கேட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக முகங்கள் வரைந்த அட்டை ஒன்று தொங்கியது. பூஜ்யத்துக்கு நேரே சிரிக்கிற முகம், பத்துக்கு நேரே அழுகிற முகம், நடுவில் பல தினுசு. பருத்த உடம்போடு பரபரவென்று நடக்கும் நர்ஸ் ஒருத்தி வேளைக்கு வேளை வந்து கேட்பாள். “அம்மா, இப்ப வலி எத்தனை?”

“மூணு.”

நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டு அதற்குத் தகுந்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஆக, முன்பு கதையாக இருந்தது சொல்லாகி, சொல் இப்போது எண்ணாகியிருந்தது. தன் தொழிலில் தன்னையும் மிஞ்சிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று சுருக்கம் கண்டுகொண்ட இடம் அது. சந்தோஷப்படும் நிலையில் அவர் இல்லை.

மைத்துனி அட்டையை ஆராய்ந்தாள். “அக்கா, இந்த அஞ்சாம் நம்பர் மூஞ்சியப் பாத்தியா? உங்க கல்யாண போட்டோல மாமா அச்சு அசலா இப்படித்தான் நிக்கறார்.”

“ஏய், சும்மா இருடி.”

“நிஜமா. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பல் டாக்டர் வாசல்ல நிக்கற மாதிரி. மாமா, கொஞ்சம் அந்த அட்டைப் பக்கத்துல நில்லுங்க.”

மாமா நின்றார். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பு பாதியில் அறுந்து, “சிரிக்க வைக்காதடி, உள்ள பிடிச்சு இழுக்குது” என்று பல்லைக் கடித்தாள். விரல்கள் போர்வையைப் பிடித்து முறுக்கின. அப்போதுதான் நர்ஸ் வந்தாள்.

“எத்தனைம்மா?”

“மூணு.”

சுருக்கம் முறுக்கிய போர்வையைப் பார்த்தார். நர்ஸின் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனார்.

“சிஸ்டர், அது மூணு இல்லை. அதிகம். நான் பாத்தேன்.”

“அவங்க வாயால சொல்லணும், சார். உங்க பேச்சைக் கேட்டு நான் மருந்தை ஏத்த முடியுமா? மயக்கம் அதிகமாகி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?”

அவளுக்காக அவர் பேசி, அது செல்லாமல் போனது இதுவே முதல் தடவை. முன்பு அவர் சொன்னதெல்லாம் சரி என்பதல்ல. கேட்டவர்கள் அதுவரை அப்படி ஆட்சேபித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் மைத்துனி குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் சத்தம். சுருக்கம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அது கிரீச்சிட்டது. அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஏன் மூணு மூணுன்னே சொல்றே?”

“ஏன், தப்பா?”

“நிஜமாவே மூணா?”

அவள் கூரையைப் பார்த்தாள். “அவங்க பத்து வரைக்கும்தானே குடுத்திருக்காங்க.”

“ஆமா.”

“இப்பவே ஏழு எட்டுன்னு செலவு பண்ணிட்டா, நாளைக்கு இதுக்கு மேல வந்தா எதைச் சொல்றது? எண்ணு தீந்துடுமில்ல? அதான் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன்.”

வீட்டில் சர்க்கரை டப்பா காலியாவதற்கு முன்பே ஒரு கரண்டி சர்க்கரையை வேறு டப்பாவில் ஒளித்துவைக்கிறவள் அவள். திடீரென்று விருந்தாளி வந்தால் வேண்டுமே என்று. அதே கெட்டிக்காரத்தனத்தை இங்கேயும் காட்டிக்கொண்டிருந்தாள். வலியை விழுங்கிக்கொண்டு எண்களை மிச்சம் பிடித்தாள்.

‘அப்படி வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?’ என்ற கேள்வி சுருக்கத்தின் வாய்வரை வந்தது. அதற்குப் பதில் இரண்டு பேருக்குமே தெரியும் என்பதால் விழுங்கிவிட்டார்.

“எண்ணை விடு. எப்படி இருக்குன்னு சொல்லு.”

“எதுக்கு?”

“எனக்குச் சொல்லு.”

“நீளமா வருமே.”

“வரட்டும்.”

அவள் தலையைத் திருப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு.”

“நடந்து வரலாமா, பஸ் பிடிக்கணுமா?”

அவள் கை அவர் முழங்கையைத் தேடிப் பிடித்தது. “சும்மா சொன்னேங்க. மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. அஞ்சாம் நம்பருக்கு மேல போயிடுச்சு.”

பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

“முதல்ல குடி இருந்தோமே மாடி வீடு, அதுல பின் ரூமுக்கு ஒரு கதவு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? பச்சை பெயிண்ட். மழைக்கு ஊறிச்சுன்னா உப்பிக்கும். நீங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன் சொல்றேன்னு சொல்லவே இல்லை. போகட்டும். அந்த மழையில ஒரு நாள், துணி ஒண்ணும் காயலைன்னு பின் ரூம்ல கயிறு கட்டிக் காயப் போடப் போனேன். குழந்தை முன் ரூம்ல தூங்குது. தவழ ஆரம்பிச்ச சமயம். நீங்க ஆபீஸ். காத்து அடிச்சுது பாருங்க, கதவு படார்னு சாத்திக்கிச்சு. சாத்தினது அப்படியே இறுகிப்போச்சு. இழுக்கறேன், வரலை. தோளை வச்சு ஆட்டறேன், அசையலை. நான் உள்ள, குழந்தை வெளிய.”

“எனக்கு இது தெரியவே தெரியாதே.”

“இருங்க. கேளுங்க. குழந்தை முழிச்சுக்கிச்சு. அழுவுது. அடுப்பு எரியுது அங்க, பால் வச்சிருந்தேன். நான் ஜன்னல் வழியா கத்தறேன், கீழ்வீட்டுல ரேடியோ, மழைச் சத்தம் வேற. அப்புறம் பலத்தையெல்லாம் சேத்துக் கதவைப் பிடிச்சு இழுத்தா, ஒரு விரல் நுழையற அளவுக்குத் தெறக்கும். அப்பாடான்னு இருக்கும். உடனே திரும்ப வந்து இறுகிக்கும். மறுபடி இழுப்பேன், மறுபடி விரல் அளவு, மறுபடி இறுகும். இந்த வலி இப்ப அப்படித்தாங்க இருக்கு. துளைக்கறதெல்லாம் முன்ன. இப்ப அது இல்லை. மருந்து குடுத்தா விரல் அளவுக்குத் தெறக்குது. காத்து வர்ற மாதிரி இருக்கு. உடனே வந்து மூடிக்குது.”

தோட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவர் அவள் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“அப்புறம்?”

“அப்புறம் குழந்தை அழுகைய நிறுத்திடுச்சு. அதான் பயம். அழுத வரைக்கும் பரவாயில்லை, எங்க இருக்குன்னாவது தெரிஞ்சுது. சத்தமே இல்லைன்னா? அடுப்புப் பக்கம் போயிடுச்சா, படிக்கட்டுப் பக்கம் போயிடுச்சா?”

“அன்னிக்கு நான் வந்தப்ப நீ சொல்லலையே.”

“வந்தவுடனே என்ன விஷயம்னு கேட்டீங்க. விஷயம்னு பாத்தா என்ன இருக்கு? கதவு தெறந்துடுச்சு, குழந்தை நல்லா இருக்கு. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

அந்தச் சாயங்காலத்தை அவர் ஞாபகத்தில் தேடினார். கிடைக்கவில்லை. ஒன்றுமில்லை என்று பதிவான நாள் எப்படிக் கிடைக்கும்?

“எப்படித் தெறந்துச்சு? எப்படி வெளிய வந்தே?”

“அதைத்தான் சொல்ல வர்றேன், அவசரப்படாதீங்க. அந்த ரூம்ல மூலையில என்ன இருந்துச்சுன்னா…”

அவள் வாய் அப்படியே நின்றது. கண் பெரிதானது. உடம்பு வில்லாக வளைந்து, முழங்கால் வயிற்றை நோக்கி ஏறியது. அவர் கைக்குள் இருந்த கை அவர் விரல்களை நொறுக்கிவிடுவதுபோல இறுக்கியது. சத்தம் எதுவும் வரவில்லை.

நர்ஸை அழைக்கும் மணி கட்டிலின் அந்தப் பக்கம் தொங்கியது. மருந்தை ஏற்றினால் தூங்கிவிடுவாள். அதற்குப் பிறகு பேச்சு குறையும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். மணியை அடிக்காவிட்டால், இது விரல் அளவு திறக்கும்போது மிச்சக் கதை வரும். அவர் மனதில் இந்தக் கணக்கு ஓடியது உண்மை. ஓடி முடிவதற்குள் அவர் கை மணியை அடித்துவிட்டது.

“கேளு. அவங்க வந்து கேட்டா உள்ளதைச் சொல்லு. மிச்சம் வைக்காதே. எண்ணு தீந்தா நான் வேற வாங்கித் தரேன்.”

என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வலியிலும் உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது.

நர்ஸ் ஓடிவந்தாள். “அம்மா, எத்தனை?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“ஒம்பது.”

அப்போதும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் நிமிர்ந்து சுருக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். போன வேகத்தில் டாக்டரோடு திரும்பி வந்தாள். மருந்து ஏறியது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் இறங்கியது, முதுகு படுக்கையில் படிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எத்தனையோ மாதங்களாக அந்த முகத்தில் சுருங்கியே கிடந்த புருவ நடு விரிந்துகொண்டது. அப்போதுதான் அது அத்தனை நாளும் சுருங்கியிருந்ததே அவருக்குத் தெரிந்தது.

“மிச்சத்தை எழுந்து சொல்றேன்” என்றாள் கண்ணை மூடியபடி.

“சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்.”

அவர் அங்கேதான் இருந்தார். அவள் இடையிடையே விழித்தாள். தண்ணீர் கேட்டாள். மகள் பயணம் செய்து வந்து சேர்ந்தபோது அவள் கன்னத்தைத் தொட்டாள். தங்கையைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். நர்ஸ் எத்தனை என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஆட்டலைப் பார்த்து நர்ஸ் எண்ணைப் போட்டுக்கொண்டாள். அந்த நாட்களில் ஒருமுறை அவர் குனிந்து அவள் காதருகே, “அந்தக் கதவு…” என்றார். அவள் ‘ம்’ என்றாள். கேட்டுக்கொண்டிருக்கிறாளா, சொல்லிக்கொண்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு அந்த ‘ம்’மும் வரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், மகள் உள்ளே படுத்திருந்த ஒரு பிற்பகலில், மைத்துனி அடுப்படியில் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுருக்கம் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

“என்ன மாமா? காபி போடவா?”

“வேண்டாம். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கதவு எப்படித் தெறந்துச்சு?”

“எந்தக் கதவு?”

“மாடி வீட்டுல. பின் ரூம் கதவு. மழைக்கு உப்பி இறுகிப்போய், அவ உள்ள மாட்டிக்கிட்டா. குழந்தை வெளிய. உன்கிட்ட சொல்லியிருப்பாளே. அவ உன்கிட்ட எல்லாம் சொல்லுவாளே.”

மைத்துனி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து அவரைப் பார்த்தாள்.

“இல்லையே மாமா. எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே.”

“சொன்னதே இல்லையா?”

“இல்லை. என்ன ஆச்சு? முழுசா சொல்லுங்க.”

சுருக்கம் உள்ளே வந்து அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தார். மழையிலிருந்து ஆரம்பித்தார். பச்சை பெயிண்டைச் சொன்னார், வீட்டுக்காரரிடம் தான் சொல்லாமலே விட்டதைச் சொன்னார், காயாத துணி, கட்டிய கயிறு, அடுப்பில் வைத்த பால், கீழ்வீட்டு ரேடியோ, விரல் அளவு திறந்து திறந்து மூடியது. இடையில் அவர் குரல் நின்றபோதெல்லாம் மைத்துனி ‘ம்’ கொட்டிக் காத்திருந்தாள். குழந்தையின் அழுகை நின்ற இடத்துக்கு வந்தார். அந்த அறையின் மூலையில் ஏதோ ஒன்று இருந்தது என்றார்.

“என்ன இருந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.